யூரியாவ கொறைக்கறதுக்கு முன்னாடி மண்ணுக்கு சாப்பாடு போடுங்க: டெல்டால புதுசா நெல்லு போடறவங்களுக்கு

வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்தவங்க, அப்பா காலத்துக்கு அப்பறம் நெலம் கைக்கு வந்தவங்கன்னு வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது எங்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான், இயற்கைக்கு மாறிடலாமா இல்ல எல்லாரும் போடற மாதிரி யூரியா டிஏபின்னு ரசாயன உரம் போட்டுட்டு போயிடலாமா. நான் திருவாரூர் பக்கம், களிமண் பூமி, சம்பா ஒரு போகம், அதுக்கு பின்னாடி உளுந்து. பதினோரு வருஷமா இதுலதான் கெடக்கறேன். எனக்கு தெரிஞ்சவரைக்கும் ரெண்டுல எதுங்கறது அப்பறம் வர்ற கேள்வி, எத முன்னாடி செய்யணும் எத பின்னாடி செய்யணும்ங்கறதுலதான் பாதி பேரு கவுந்துடறாங்க. மண்ணுக்கு மொதல்ல தீனி, அதுக்கு அப்பறம்தான் உர மூட்டைய கொறைக்கறது. இத மாத்தி செஞ்சா கஷ்டம்.

நான் மாத்திதான் செஞ்சேன். மொத வருஷமே ரெண்டு ஏக்கர்ல யூரியா, டிஏபி, பொட்டாஷ் எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திட்டு பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ ஜீவாமிர்தம் (சாணி, கோமியம், வெல்லம் கலந்த கரைசல்) மட்டும் விட்டேன், பசுந்தாள் (வயல்லயே வளத்து மடக்கி உழற செடி) போடல, எரு அடிக்கல, ஒண்ணும் இல்ல. நட்ட முப்பதாம் நாளு பயிரு வெளுத்து போச்சு. அப்பா வரப்புல நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, "பயிருக்கு பசிக்குது தம்பி, நீ தண்ணி காட்டிட்டு இருக்க"ன்னாரு. அந்த வருஷம் எங்க மத்த வயல்ல ஏக்கருக்கு 36 மூட்டை, இதுல 22. அறுபது கிலோ மூட்டை கணக்கு. அந்த 14 மூட்டை வித்தியாசத்த அப்பா அதுக்கப்பறம் ஒரு வார்த்தை கூட பேசல, அதனாலதான் எனக்கு இன்னும் மறக்கல.

இதே தப்ப ஒரு நாடே செஞ்சுது. இலங்கையில 2021 ஏப்ரல்ல ரசாயன உர இறக்குமதிக்கு தடை போட்டாங்க, மாத்து எருவுக்கு ஏற்பாடு இல்ல, விவசாயிங்களுக்கு பழகறதுக்கு நேரமும் இல்ல. நவம்பர்லயே தடைய தளத்த வேண்டி வந்துது, அதுக்குள்ள அந்த பெரும்போக நெல்லு விளைச்சல் பெருசா விழுந்து போச்சு. இயற்கை விவசாயம் வேலைக்கு ஆவாதுங்கறதுக்கு இத ஆதாரமா காட்டறாங்க, எனக்கு அது சரியா படல. அவசரப்பட்டா என்ன ஆகும்ங்கறதுக்குத்தான் அது ஆதாரம்.

சரி, படிப்படியா சொல்றேன்.

படி 1: ஒரு மா மட்டும் ஒதுக்குங்க

மூணு மா ஒரு ஏக்கர்னு தெரியும், அதாவது கிட்டத்தட்ட 33 சென்ட். இருக்கறதுலயே மோசமான மூலைய இதுக்கு ஒதுக்காதீங்க, அங்க என்ன பண்ணாலும் விளையாது, பழி முறை மேல விழும். ரொம்ப நல்ல வயலும் வேணாம். நடுத்தரமா, தண்ணி தனியா கட்டவும் வடிக்கவும் முடியற மாதிரி, பக்கத்து வயல் உரத்தண்ணி உள்ள வராத மாதிரி ஒரு துண்டு. மிச்ச நெலத்துல வழக்கம்போல பண்ணுங்க, குடும்பம் அதுலதான் ஓடணும். மூணு வருஷம் அந்த ஒரு மாவ மாத்தக்கூடாது, வருஷத்துக்கு ஒரு எடம்னு மாத்தினா ஒண்ணுமே தெரியாது.

குத்தகை நெலமா இருந்தா இங்கயே ஒரு வார்த்தை. வருஷா வருஷம் வாய் வார்த்தையில ஓடற குத்தகையில மண்ணுக்கு செலவு பண்ணாதீங்க, நீங்க மூணு வருஷம் வளத்த மண்ண நாலாவது வருஷம் வேற ஒருத்தர் உழுவாரு. மொதல்ல நெலக்காரர்கிட்ட அஞ்சு வருஷத்துக்கு பேசி எழுதி வாங்க பாருங்க. முடியலன்னா உளுந்து, பசுந்தாள் மாதிரி அந்த வருஷமே பலன் குடுக்கறத மட்டும் பண்ணுங்க. குத்தகைக்காரங்க ஏன் மாற மாட்டேங்கறாங்கன்னு திட்டறவங்க இத யோசிக்கணும்.

படி 2: மண்ண பாருங்க, ரெண்டு விதமா

ஒண்ணு பரிசோதனை. அறுவடை முடிஞ்சு, உளுந்தும் எடுத்தப்பறம், வயல் காஞ்சு கெடக்கறப்ப எடுங்க. வரப்பு ஓரம், மர நெழல், எரு குமிச்சு வெச்ச எடம் மூணையும் தவிர்த்துட்டு பத்து பதினஞ்சு எடத்துல மம்பட்டியால ஆங்கில வி எழுத்து மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டணும், வெட்டின சுவர்ல இருந்து மேலேந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துக்கு சீவி எடுக்கணும். எல்லாத்தையும் கலந்து, பரப்பி, நாலா பிரிச்சு, எதிரெதிர் ரெண்ட தள்ளி, திரும்ப பிரிச்சுன்னு கடைசியா அரை கிலோ. பழைய உர சாக்குல கொட்டி பரப்பாதீங்க, அந்த சாக்குல ஒட்டி இருக்கற டிஏபியே ரிப்போர்ட்ட மாத்திடும். எங்களுக்கு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் கிட்ட, உங்களுக்கு எது கிட்டமோ அங்க இல்லாட்டி வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்துல குடுங்க.

ரிப்போர்ட் வந்தா எல்லாரும் தழை மணி சாம்பல் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) மூணையும் பாப்பாங்க. நீங்க அங்கக கார்பன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, மண்ணுல எவ்ளோ மக்கு இருக்குன்னு காட்டறது அதுதான், அதுக்கு ஒரு வட்டம் போடுங்க. 0.5 சதவீதத்துக்கு கீழன்னா கொறைவு, 0.75க்கு மேலன்னா நல்லா இருக்கு. பிஹெச் எட்டரைய தாண்டி இருந்தா களர் (சோடியம் உப்பு ஏறின மண்ணு) பிரச்சனை, ஜிப்சம் எவ்ளோன்னு அங்கயே கேட்டுட்டு வாங்க, அத சரி பண்ணாம எந்த எரு அடிச்சும் பிரயோஜனம் கம்மி.

ரெண்டாவது கண்ணால பாக்கறது. தென்ன மரத்தடியில புல்லு வேரோட இருக்கற எடத்துல ஒரு கட்டி, உங்க நெல்லு வயல்ல ஒரு கட்டி, ரெண்டும் எலுமிச்சம்பழம் அளவு, நல்லா காய வெச்சு ரெண்டு கண்ணாடி தம்ளர் தண்ணியில மெதுவா விடுங்க. வயல் கட்டி பொரிஞ்சு பொரிஞ்சு குமிழி விட்டு ரெண்டு நிமிஷத்துல அடியில மாவா படிஞ்சுடும். மரத்தடி கட்டி அப்படியே நிக்கும், தண்ணியும் தெளிவா இருக்கும். சேத்துழவு போடற வயல்ல கட்டி உடையறது கொஞ்சம் சகஜம்தான், சேறடிக்கறதே மண்ண ஒடைக்கறதுக்குத்தானே. ஆனாலும் ரெண்டும் ஒரே கரையில கெடக்கற மண்ணு, அவ்ளோ வித்தியாசம். இத ஒரு தடவ பாத்தவங்களுக்கு மத்தத வெளக்கி சொல்ல வேண்டியதில்ல.

படி 3: கணக்கு போடுங்க, ஆசைப்பட்டு போடாதீங்க

இதுதான் நெறைய பேரு தாண்டி போற எடம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். 45 கிலோ யூரியா மூட்டை மானியத்துல 266 ரூபா 50 காசு. யூரியால 46 சதவீதம் தழைச்சத்து, அப்ப ஒரு மூட்டையில 20.7 கிலோ. ஒரு கிலோ தழைச்சத்து சுமாரா 13 ரூபா வருது. இந்த வெலைக்கு எந்த எருவும் போட்டி போட முடியாது. நல்லா மக்கின தொழு உரத்துல தழைச்சத்து அரை சதவீதம் இருந்தாலே பெருசு, ஏக்கருக்கு 5 டன் அடிச்சா 25 கிலோ, அதுலயும் மொத போகத்துக்கு கெடைக்கறது ஒரு பங்குதான். ஏத்து கூலி, வண்டி வாடகை, எரச்சு விடற கூலி போட்டு பாருங்க. இயற்கைக்கு மாறினா செலவே இல்லன்னு சொல்றவங்க வீட்ல மாடும் இருக்கும் ஆளும் இருக்கும்.

மத்திம, நீண்ட வயசு ரகத்துக்கு வேளாண் பல்கலை பொதுவா சொல்றது தழை, மணி, சாம்பல் ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ, ஏக்கருக்கு 60:20:20. ஜீவாமிர்தத்த இதோட வெச்சு பாருங்க. 200 லிட்டருக்கு 10 கிலோ சாணி, பத்து லிட்டர் கோமியம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண்ணு. இது எல்லாத்துலயும் சேத்து தழைச்சத்து கால் கிலோ தேறும். அறுபது கிலோ எங்க கால் கிலோ எங்க. அது உறை மோரு மாதிரி, பால் இருந்தா தயிராகும், வெறும் சட்டியில உறை ஊத்தி என்ன ஆகப்போவுது. நான் இன்னிக்கும் விடறேன், ஆனா பசுந்தாள் மடக்கின வயல்ல விடறேன்.

அப்ப மண்ண வளக்கறதுல காசு எங்க மிச்சமாகுது? என் நோட்டுல தெரியறது மூணு எடம். பூச்சி மருந்து மொத எடம், தழைச்சத்து ஏத்தி ஏத்தி கரும்பச்சையா வளக்கற பயிர்லதான் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டு புழுவும் குலை நோயும் மொதல்ல வந்து உக்காரும். ரெண்டாவது சாயறது. கார்த்திகை மார்கழி மழையில கதிர் வர்ற நேரத்துல யூரியா பயிரு பாய் விரிச்ச மாதிரி படுத்துடும், அப்பறம் பெல்ட் அறுவடை மிஷின்காரர் மணி கணக்குக்கு வாங்கறாரு, நிக்கற பயிர அறுக்கற நேரத்தப் போல ஒன்றரை மடங்கு ஆவும், கீழ கொட்டறது வேற. மூணாவது பொட்டாஷ். இத அடுத்ததுல சொல்றேன்.

ஒரு நோட்டு போட்டு அந்த ஒரு மாவுக்கும் பக்கத்து ஒரு மாவுக்கும் தனித்தனியா எழுதுங்க, உங்க சொந்த உழைப்பு நாளையும் சேத்து. மூட்டை கணக்கு மட்டும் எழுதினா போதாது, செலவு போக கையில நின்னது எவ்ளோங்கறதுதான் முக்கியம்.

படி 4: மண்ணுக்கு தீனி

எங்க பூமிக்கு பசுந்தாள்னா தக்கைப்பூண்டுதான். தண்ணி நின்னாலும் தாங்கும், கடலோர உப்பு மண்ணுலயும் வரும். சணப்பு நல்லதுதான், ஆனா தண்ணி தேங்கினா அழுகிடும், அத மேட்டு பக்கம் வெச்சுக்குங்க. ஏக்கருக்கு 20 கிலோ விதை. கோடை மழை பேஞ்ச ஈரத்துல ஒரு புழுதி உழவு போட்டு தூவி விடுங்க, மோட்டார் இல்லாதவங்க மேட்டூர் தண்ணிய நம்பி இருக்கறவங்க ஆடி வாக்குல தூவினாலும் ஒரு போக சம்பாவுக்கு நேரம் இருக்கு. குறுவை தாளடின்னு ரெண்டு போகம் பண்றவங்களுக்கு இதுக்கு எடவெளி கெடைக்கறது கஷ்டம், அவங்க தாளடி அறுக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாளு முன்னாடி நிக்கற பயிர்லயே ஈரத்துல உளுந்து தெளிச்சு விடற வழக்கத்த விடாம இருந்தாலே பெரிய விஷயம்.

முப்பதாம் நாளு வாக்குல ஒரு செடிய மண்ணோட பறிச்சு வேர அலசி பாருங்க. மொளகு மொளகா முடிச்சு இருக்கும். நகத்தால ஒண்ண கீறுங்க, உள்ள ரத்த செவப்பா இளஞ்செவப்பா இருந்தா தழைச்சத்த பிடிச்சு வெக்கற வேலை நடக்குதுன்னு அர்த்தம். வெளுப்பா பச்சையா இருந்தா நடக்கல, அடுத்த தடவ விதையில ரைசோபியம் (இந்த முடிச்ச உண்டாக்கற நுண்ணுயிர்) கலந்து விதைங்க.

மடக்கி உழறது 40லேந்து 45 நாளுக்குள்ள, பூ எடுக்கற பருவம். நாளு எண்ணறத விட தண்ட ஒடிச்சு பாருங்க, வெண்டைக்கா மாதிரி பட்டுனு ஒடிஞ்சா சரி, வளைஞ்சு நார் உரிஞ்சா லேட்டு. லேட் ஆச்சுன்னா ரோட்டவேட்டர்ல சுத்திக்கிட்டு ட்ராக்டர்காரர் எறங்கி எறங்கி அறுத்து எடுக்கணும், மக்கறதுக்கும் மாசமாகும். நல்லா வளந்த வயல்ல ஏக்கருக்கு 8லேந்து 10 டன் பச்சை விழும், அதுல 25 முப்பது கிலோ தழைச்சத்து. ஒரு மூட்டை யூரியாவ தைரியமா விட்டுடலாம், அதுக்கு மேல மொத வருஷம் ஆசைப்பட வேணாம்.

மடக்கினப்பறம் ஒரு வாரம் பத்து நாளு தண்ணி கட்டி விட்டுட்டு நடுங்க. நட்டப்பறம் வயல்ல எறங்கி நடக்கறப்ப கால் பட்ட எடமெல்லாம் குமிழி வந்து அழுகின முட்டை வாடை அடிச்சா பயப்படாதீங்க, ஆனா சும்மாவும் இருக்காதீங்க, தண்ணிய வடிச்சு முடி கனத்துக்கு வெடிப்பு விடற வரைக்கும் காய போடுங்க. ஒரு குத்த புடுங்கி வேர பாத்தா வெள்ளையாவோ துரு நெறத்துலயோ இருக்கணும், கருப்பா இருந்தா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்.

அடுத்து வைக்கோல். நெல்லுப்பயிரு எடுக்கற சாம்பல் சத்துல பெரும்பங்கு வைக்கோல்லதான் இருக்கு, நெல்லுல இல்ல. ஒரு டன் வைக்கோல்ல சுமாரா 15 கிலோ பொட்டாசியம், ஏக்கருக்கு ரெண்டு டன்னுன்னு வெச்சா 30 கிலோ. ஒரு 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில இருக்கறத விட இது ஜாஸ்தி. பேலர் வண்டி வந்து கட்டு கட்டா சுருட்டி வெளியூருக்கு ஏத்திட்டு போறப்ப போறது அதுதான். மாட்டுக்கு வேணும்னா எடுத்துக்குங்க, அந்த சாணி திரும்ப வயலுக்கு வரட்டும். இல்லன்னா பாதியாவது வயல்லயே விடுங்க. கொளுத்தாதீங்க. மடக்கினா நடவுக்கு மூணு நாலு வாரம் முன்னாடியே மடக்கணும், பச்ச வைக்கோல் மக்கறப்ப மண்ணுல இருக்கற தழைச்சத்த அதுவே இழுத்துக்கும், பயிரு மஞ்சளாகும்.

அடுத்து கிடை, அதாவது ராத்திரி ஆட்ட வயல்லயே அடைச்சு வெக்கறது. பங்குனி சித்திரையில ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் இருந்து கீதாரிங்க ஆடு ஓட்டிட்டு வருவாங்க, ராத்திரிக்கு இவ்ளோன்னு பேசி வயல்ல கட்ட சொல்லுங்க. புழுக்கைய விட மூத்திரம்தான் வெல ஒசந்தது, அதனால கிடை எழுப்பின மறுநாளே லேசா ஒரு உழவு போட்டுடுங்க, வெயில்ல விட்டா பாதி சத்து ஆவியாயிடும். எருவ ஏத்தி எறக்கற செலவே இல்லாம வயல்லயே விழற எரு இது, என் கணக்குல இத விட லாபமான மண் வேலை வேற இல்ல. கீதாரிக்கு குடிக்க நல்ல தண்ணி, தங்க ஒரு நெழல் ஏற்பாடு பண்ணிக் குடுங்க, அடுத்த வருஷமும் உங்க வயல தேடி வருவாரு.

படி 5: மூட்டைய கொறைக்கறது

இப்பதான் கொறைக்கணும். மொத வருஷம் பசுந்தாளுக்கு ஈடா ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, ஒரு மாவுக்கு அதுல மூணுல ஒரு பங்கு. அதுக்கப்பறம் கண்ண நம்பாம இலை வண்ண அட்டை ஒண்ணு வாங்கிக்குங்க, வெளிர் பச்சைலேந்து கரும்பச்சை வரைக்கும் நம்பர் போட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டைதான். நட்ட பதினாலாம் நாள்லேந்து வாரத்துக்கு ஒரு தடவ, காலையில எட்டு பத்து மணிக்குள்ள, வெயில் விழாம உங்க ஒடம்பு நெழல்ல, முழுசா விரிஞ்ச மேல் இலைய வெச்சு பத்து குத்து பாருங்க. ஆறு குத்தோ அதுக்கு மேலயோ நாலாம் நம்பருக்கு கீழ வந்தா (வெள்ளை பொன்னின்னா மூணு) ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா போடுங்க, வரலன்னா போடாதீங்க. பக்கத்து வயல் கரும்பச்சையா இருக்கேன்னு கை பரபரக்கும். அட்டைய மட்டும் பாருங்க.

பயிரு பசியில நிக்கறப்ப கொள்கைக்காக பட்டினி போடாதீங்க, அந்த அரை மூட்டையால மண்ணு செத்துடாது. இத சொன்னா எங்க பக்கத்துல சில பேருக்கு கோவம் வருது, இயற்கை விவசாயத்த பரப்பின நம்மாழ்வார் அய்யா பேர சொல்லி சண்டைக்கு வருவாங்க. அவரு மேல எனக்கு இருக்கற மரியாதை பெருசு, ஊர் ஊரா நடந்து மண்ண பத்தி பேச வெச்சவரு. ஆனா வீட்ல நெல்லு இல்லாத விவசாயி மூணாவது வருஷம் இதுல நிக்க மாட்டான், அதுதான் என் பயம்.

கார்பன் எப்ப ஏறும்னு கேப்பீங்க. ஒரு ஏக்கர் மேல் மண்ணு 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு கிட்டத்தட்ட 900 டன். 0.1 சதவீதம் ஏத்தணும்னா 900 கிலோ கார்பன் தங்கணும். ஒரு தடவ மடக்கற தக்கைப்பூண்டுல காய்ஞ்ச எடை ரெண்டு டன்னு கூட வராது, அதுல கார்பன் எழுநூறு எண்ணூறு கிலோ, அதுலயும் பெரும்பகுதி வருஷத்துக்குள்ள காத்துல போயிடும். அதனால வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்து மனசு ஒடயாதீங்க, மூணு வருஷத்துக்கு ஒருக்கா எடுத்தா போதும். நடுவுல மண்புழு எச்சம் வரப்போரம் தெரியுதா, உழவுல கொக்கு பின்னாடி வருதா, மழை நின்ன அடுத்த நாளு காலு எவ்ளோ ஆழம் இறங்குதுன்னு பாத்துக்கிட்டு இருங்க.

படி 6: விக்கறது

கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17க்குள்ள இருக்கான்னு பாப்பாங்க, எப்படி வெளஞ்சுதுன்னு பாக்க மாட்டாங்க. 2025-26க்கு சாதா ரகத்துக்கு மத்திய அரசு ஆதார விலை குவிண்டாலுக்கு 2369 ரூபா, மாநில ஊக்கத்தொகை தனி, யூரியா நெல்லுக்கும் இயற்கை நெல்லுக்கும் அதேதான். கூடுதல் வெலை வேணும்னா தூயமல்லி, கிச்சிலி சம்பா, கருப்பு கவுனி மாதிரி ரகத்துல அரிசியாக்கி நேரா விக்கணும், அதுக்கு சான்று, மில்லு, வாடிக்கைன்னு அது தனி தொழில். வாங்கறவங்கள கையில வெச்சுக்காம கவுனிய ஏக்கர் கணக்குல போட்டுட்டு மூட்டைய பாத்துட்டு உக்காந்திருக்கறவங்கள எனக்கு தெரியும். ஒரு மாவுல வர்றது மொதல்ல வீட்டு சாப்பாட்டுக்கு, சொந்தக்காரங்களுக்கு. அவங்க திரும்ப கேட்டா அடுத்த மாவுக்கு போங்க.

தக்கைப்பூண்டு விதை பத்தி கடைசியா. 2024-25லேந்து முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்துல பசுந்தாள் விதை மானியத்துல குடுக்கறாங்க, வேளாண் விரிவாக்க மையத்துல பேரு குடுத்து வெக்கணும். வைகாசி பொறந்தா ஊரே போய் நிக்கும், அதனால மாசி கடைசியிலயே போயிடுங்க. வாங்கின விதையில நூறு எண்ணி ஈரத்துணியில முடிஞ்சு நாலு நாளு வெச்சு பாருங்க. 80க்கு கீழ மொளச்சா இருபது கிலோவுக்கு பதிலா இருபத்தஞ்சா தூவுங்க, பாதி கூட மொளைக்கலன்னா அந்த விதைய திருப்பி குடுத்துட்டு வேற கேளுங்க.